பாலம் தாண்டிய இருநூறு தர்ப்பூசணி

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், பிள்ளைகளே. வேறு யாராவது சொல்லி நீங்கள் கேட்பதைவிட என் வாயால் கேட்பது நல்லது. வேலைக்குச் சேர்ந்த முதல் வருடத்தில், கோப்போடு இருக்க வேண்டிய ஒரு சாட்சியத்தை நான் தின்றுவிட்டேன். அதுவும் சும்மா இல்லை. உப்பும் மிளகாய்த்தூளும் தூவி, ஆபீஸ் முழுக்கப் பங்கு வைத்து, சாறு முழங்கை வரைக்கும் வழியத் தின்றேன்.

சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். அன்று சாயங்காலம் எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் வேலையும், ஏழுமலை என்ற ஒரு விவசாயியின் மொத்த வெள்ளாமையும் ஒரே லாரியில் ஏறிக்கொண்டு, ஒரே பாலத்துக்கு முன்னால் நகராமல் நின்றன. ஆறு மணிக்குப் பாலத்தை மூடிவிடுவார்கள். நான்கு நாளைக்குத் திறக்க மாட்டார்கள்.

பர்மிட் பிரிவு என்றால் சீல் குத்துகிற வேலைதானே என்று நீங்கள் வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கு உங்களிடம் யாராவது சொல்லியிருப்பார்கள். என்னிடமும் அப்படித்தான் சொன்னார்கள். இருபத்து மூன்று வயது, தகுதிகாண் பருவம் இன்னும் முடியவில்லை, கையில் புதுப் பேனா. ஒரு தப்பு நடந்தாலும் “நாளையிலிருந்து வராதீங்க” என்று அனுப்பிவிடக்கூடிய காலம் அது.

எண்பதுகளின் நடுவில் நடந்தது இது. திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகும் வழியில் ஒரு பழைய பாலம். கீழே கழுவெளி என்கிற உப்பங்கழியின் தண்ணீர். இறங்கினால் இடுப்பளவு சேறு. அந்த வருட மழையில் தூணுக்கு அடியில் மண் அரித்துவிட்டதால், பத்து டன்னுக்கு மேல் எந்த வண்டியும் போகக் கூடாது என்று பலகை நட்டுவிட்டார்கள். பஸ்கூட ஆட்களை இறக்கிவிட்டுக் காலியாகத்தான் போகும். ஜனங்கள் மூட்டை முடிச்சோடு பாலத்தை நடந்து தாண்டி அந்தக் கரையில் ஏறிக்கொள்வார்கள். ஆனால் அறுவடை நேரம் ஆயிற்றே, விளைந்ததை என்ன செய்வது? அதனால் விளைபொருள் ஏற்றிய லாரிகளுக்கு மட்டும், வண்டியும் லோடும் சேர்த்துப் பதினான்கு டன் வரை சிறப்பு அனுமதி கொடுக்கலாம் என்று உத்தரவு வந்தது. அந்த அனுமதிச் சீட்டை எழுதுகிற நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தேன்.

வேலை சுலபம். மேசைக் கண்ணாடிக்கு அடியில் ஒரு அட்டவணை இருக்கும். நெல் மூட்டைக்கு இவ்வளவு, மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, மூட்டைக்கு இவ்வளவு, கேப்பை மூட்டைக்கு இவ்வளவு. எத்தனை மூட்டை என்று கேட்க வேண்டியது, பெருக்க வேண்டியது, வண்டியின் காலி எடையைக் கூட்ட வேண்டியது, எழுத வேண்டியது. மல்லாட்டைக்காரர் அறுபது பேருக்கு எழுதிவிட்டு, இந்த உலகத்திலேயே எனக்குத் தெரியாத எடை கிடையாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் ஏழுமலை வந்தார்.

அவருக்கு நாற்பது வயது இருக்கும். சட்டைப்பையில் வண்டியின் காகிதங்கள், முகத்தில் பயம். முதல் தடவையாகத் தர்ப்பூசணி போட்டிருந்தார். எழுபது நாள் பாடுபட்டது. மரக்காணம் பக்கத்திலிருந்து பாலம் தாண்டி, திண்டிவனம் வழியாகச் சென்னை மார்க்கெட்டுக்கு ஒரு லோடு அனுப்ப வேண்டும்.

“எத்தனை மூட்டை?” என்றேன்.

“மூட்டையாங்க?” என்று அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். “தர்பூசணிய எப்டிம்மா மூட்டை கட்றது? காய்க் கணக்குதாங்க. ரெண்டாயிரம் காய்.”

அட்டவணையை மேலிருந்து கீழே பார்த்தேன், கீழிருந்து மேலே பார்த்தேன். தர்ப்பூசணி இல்லை. தலைமை எழுத்தரிடம் போனேன். அவர் காபி குடிக்கக் கிளம்பிக்கொண்டிருந்தார். “நீதான் படிச்ச பொண்ணாச்சே, ஒரு வழி பாரு” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நான் ஒரு வழி பார்த்தேன். “நாளைக்குக் காலையில வரும்போது ஒரு காய் எடுத்துக்கிட்டு வாங்க. அதை எடை போட்டு, ரெண்டாயிரத்தால பெருக்கிடலாம்” என்றேன். ஏழுமலை என் அறிவைப் பார்த்து அசந்துபோனார். எனக்கே என்னைப் பார்த்து ஆச்சரியம்தான்.

மறுநாள் காலையில், லாரியில் லோடு ஏற்றி முடித்த கையோடு, ஒரு காயைத் துண்டில் கட்டித் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஏறி வந்துவிட்டார். எதிரே இருந்த மல்லாட்டை மண்டியில் தராசு கேட்டோம். சரியாக நான்கு கிலோ. முள் இந்தப் பக்கமும் சாயவில்லை, அந்தப் பக்கமும் சாயவில்லை. இரண்டாயிரம் காய் எட்டு டன். லாரியின் காலி எடை ஆறு டன். மொத்தம் பதினான்கு!

என்ன அழகான கணக்கு! ஒரு கிலோ கூடவும் இல்லை, குறையவும் இல்லை. எனக்குக் கை தட்ட வேண்டும் போல இருந்தது. இங்கே ஒன்று சொல்லிக்கொள்கிறேன். ஒரு எண் உத்தரவில் இருக்கிற எல்லையில் போய்க் கச்சிதமாக உட்கார்ந்தால் சந்தோஷப்படாதீர்கள். பேனாவைக் கீழே வைத்துவிட்டு இன்னொரு தடவை பாருங்கள். நான் பார்க்கவில்லை. எழுதினேன், அதிகாரி கையெழுத்துப் போட்டார், ஏழுமலை சீட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

“இந்தக் காய இன்னா பண்றதுங்க?” என்று கேட்டார்.

“எடுத்துக்கிட்டுப் போங்க.”

“வெயில்ல மறுபடி தூக்கிக்கினு போவணுமா? நல்லா இருக்கே! சாப்புடுங்கம்மா.”

காபி குடித்துவிட்டுத் திரும்பியிருந்த தலைமை எழுத்தர், “சாம்பிள்தானே, தப்பில்ல” என்று தீர்ப்புச் சொன்னார். ஐந்தே நிமிடத்தில் தோல் மட்டும் குப்பைக்கூடையில் கிடந்தது.

மத்தியானம் திண்டிவனம் ஆபீசிலிருந்து என்னைப் பாலத்துக்கு அனுப்பினார்கள். மறுநாளிலிருந்து தூணுக்குக் காங்கிரீட் போடப் போகிறார்கள், நான்கு நாள் எந்த வண்டிக்கும் வழி கிடையாது. கடைசி நாள் என்பதால், தாண்டிய லாரிகளின் சீட்டுகளை அங்கேயே வாங்கிப் பதிவேட்டில் ஒட்டிக்கொண்டு வர வேண்டும். சந்தோஷமாகக் கிளம்பினேன். கடற்காற்று வாங்கலாம் என்ற நினைப்பு.

மரக்காணம் பக்கத்துக் கரையில், உப்பு லாரிகளுக்காகப் போட்ட ஒரு எடை மேடை இருந்தது. பாலத்துக்கு அது கூப்பிடு தூரம். அங்கே ஒரு மேசை போட்டு மோட்டார் வாகன ஆய்வாளர் உட்கார்ந்திருந்தார். ஜனங்கள் பாஷையில் பிரேக் இன்ஸ்பெக்டர். ஒல்லியான மனிதர். மர நிழலிலும் கறுப்புக் குடையை விரித்தே வைத்திருப்பார். அதிகம் பேச மாட்டார், அதட்ட மாட்டார், ஆனால் ஒரு கிலோவை விட மாட்டார். அந்தக் குடை தூரத்தில் தெரிந்தாலே லாரிக்காரர்கள் பீடியை அணைத்துவிடுவார்கள். எனக்கும் அவரிடம் பயம்தான்.

நாலரை மணிக்கு ஏழுமலையின் லாரி வந்து மேடையில் ஏறியது. டிரைவர் கோட்டக்குப்பத்துக்காரர், எல்லோருக்கும் பாய். ஏழுமலை இறங்கி என்னைப் பார்த்ததும் சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி சிரித்தார். மேடைக்காரர் எடைக்கல்லை நகர்த்தினார். மறுபடி நகர்த்தினார். இன்னும் கொஞ்சம் நகர்த்தினார்.

“பதினாலு டன் தொள்ளாயிரம் கிலோ சார்.”

ஆய்வாளர் சீட்டைப் பார்த்தார், மேடையைப் பார்த்தார், ஏழுமலையைப் பார்த்தார். “சீட்டுல பதினாலு. இங்க தொள்ளாயிரம் கிலோ கூட. வழியில ஏத்துனியா?”

“அய்யோ இல்லீங்க சார்! ரெண்டாயிரம் காய்தாங்க. எண்ணி எண்ணி ஏத்தனது. ஆபீசுக்கு ஒண்ணு எடுத்தாந்தேன், அதுக்குப் பதுலு ஒண்ணு வச்சேன். அவ்ளோதாங்க.”

“அப்போ ஆபீஸ்ல பொய் சொல்லியிருக்கே. வண்டிய ஓரங்கட்டு.” அவர் கேஸ் எழுதும் புத்தகத்தைத் திறந்தார்.

ஏழுமலையின் முகம் வெளுத்துவிட்டது. பாய் தலையில் கை வைத்தார். “பேஜாராப் பூடுச்சே! நாலு நாள் இந்த வெயில்ல நின்னா அத்தினியும் வெடிச்சிப் பூடும் சார். புதுச்சேரி பக்கமா சுத்திக்கினு போலாம்னா அது வேற மாநிலம், அதுக்கு வேற பர்மிட் ஓணும். இந்நேரத்துக்கு எவன் தருவான்?”

நான் மெதுவாக லாரியின் பின்பக்கம் போனேன். பின்பலகைக்கு இடையில் இருந்த சந்து வழியாக எட்டிப் பார்த்தேன். மேலே நான் காலையில் பார்த்த மாதிரி நான்கு கிலோக் காய்கள். நடுவில் வைக்கோல். அடியில் இருந்தவை ஒவ்வொன்றும் தண்ணீர்க் குடம் அளவுக்கு இருந்தன.

“பாய்,” என்றேன். “அடியில எல்லாம் பெருசா இருக்கே?”

“பின்ன? பெருசு அடியில, சிறுசு மேல. மேல பெருசப் போட்டா அடியில கெடக்கறது சட்னி ஆயிடும். லோடு கட்றவன் அத்தினி பேருக்கும் தெரியும்மா இது!”

லோடு கட்டுகிற அத்தனை பேருக்கும் தெரியும். பர்மிட் எழுதியவளுக்குத் தெரியவில்லை. அவர் மேலாக இருந்த ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தார். கைக்கு எட்டியது அதுதானே? நான் அதைப் பெருக்கினேன்.

உங்களிடம் மறைக்க மாட்டேன். ஒரு நிமிடம் சும்மா நின்றேன். பேசாமல் இருந்துவிட்டால் பழி ஏழுமலையோடு போய்விடும். அவர் பொய் சொன்னார் என்று கேஸ் எழுதுவார்கள், என் கணக்கைப் பற்றி யாரும் கேட்கப் போவதில்லை. எனக்கு வேலை நிலைக்கும். அந்த நிமிடத்தை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. அதற்குள் ஏழுமலை என் பக்கம் திரும்பி, “அம்மாவக் கேளுங்க சார், நான் ஒண்ணும் மறைக்கல, அம்மாதான் எட போட்டாங்க” என்றார். குற்றம் சொல்லவில்லை. என்னைச் சாட்சிக்குக் கூப்பிட்டார், அவ்வளவு நம்பிக்கை.

“சார், அவர் பொய் சொல்லல. தப்பு என்னுது,” என்றேன். ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டினேன். மேல்காய், நான்கு கிலோ, பெருக்கல், பதினான்கு.

ஆய்வாளர் பேனாவைக் கீழே வைத்தார். “எடை போட்ட அந்தக் காய் எங்க?”

“அது… தின்னுட்டோம் சார்.”

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பாலத்தில் எதிர்ப்பக்கத்து வண்டிகள் வந்துகொண்டிருந்ததால் இந்தக் கரையில் இரண்டு பஸ்களும் ஒரு கல்யாண வேனும் வரிசையில் நின்றிருந்தன. ஆட்கள் எல்லோரும் இறங்கி, எங்களைச் சுற்றி நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

“யாரு யாரு தின்னீங்க?”

“ஆபீஸ் முழுக்க சார்.”

ஆய்வாளரின் உதடு லேசாகத் துடித்தது. கோபமா சிரிப்பா என்று எனக்குப் புரியவில்லை. ஒரு வெள்ளைத்தாளை என் பக்கம் தள்ளினார். “சொன்னத எழுதிக் குடு.”

எழுதினேன், அவசரத்தில் கோணல்மாணலாக. வாங்கி வைத்துக்கொண்டு, “கேஸ் கெடையாது. ஆனா எடை எடைதான். தொள்ளாயிரம் கிலோவ எறக்கிட்டு வண்டிய எடுக்கலாம். ஆறு மணி வரைக்கும் டைம்” என்றார்.

பின்பலகையைத் திறந்து அடிக்காயும் மேல்காயுமாகச் சரித்தால் ஏறக்குறைய இருநூறு காய் என்று பாய் கணக்குச் சொன்னார். ஏழுமலைக்குப் போன உயிர் பாதிதான் திரும்பியது. “இருநூறு காய இந்தக் கரையில போட்டுட்டுப் போனா எனக்கு இன்னாங்க மிஞ்சும்? பத்துல ஒரு பங்கு போச்சே!” என்றவர், கண்ணைத் துடைத்துக்கொண்டு, “நாங்களே தூக்கிக்கினு போய் அந்தாண்ட வச்சிடறோம்” என்று துண்டை இடுப்பில் கட்டினார். அவரும் பாயும் ஒரு லோடுமேனும் மூன்று பேர். நீளமான பாலம். அவர்கள் சுமந்து முடிப்பதற்குள் ஆறு என்ன, எட்டு மணியே ஆகிவிடும்.

அந்த நேரம் பார்த்துப் பஸ் கண்டக்டர் கத்தினார்: “எதிர்ல வண்டி முடிஞ்சிடுச்சி! அல்லாரும் நடங்க, நடங்க! பஸ்சு பின்னால காலியா வரும்!”

நூற்றைம்பது பேர் கையை வீசிக்கொண்டு பாலத்தை நோக்கித் திரும்பினார்கள். நான் அந்தக் கைகளைப் பார்த்தேன்.

பிள்ளைகளே, அந்த நேரத்தில் என் தலைக்குள் என்ன ஏறியது என்று இன்றைக்கும் தெரியவில்லை. எடை மேடைமேல் ஏறி நின்று, வாழ்க்கையில் முதல் தடவையாக ஊர் கேட்கக் கத்தினேன். “அண்ணே! அக்கா! நீங்க எப்படியும் பாலத்தை நடந்துதான் தாண்டணும். போறப்போ ஆளுக்கு ஒரு காய் தூக்கிட்டுப் போய் அந்தக் கரையில வச்சிடுங்க! இந்த அண்ணனோட வெள்ளாமை பொழைக்கும்!”

ஒருவரும் அசையவில்லை. எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. பிறகு கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒரு அம்மாள் முன்னால் வந்தார். பெயர் முத்தாலு. மரக்காணத்துக் குப்பத்துக்காரர். வழியூர்களில் கருவாடு விற்றுவிட்டு, காலிக் கூடையோடு திண்டிவனத்தில் அக்கா வீட்டு விசேஷத்துக்குப் போய்க்கொண்டிருந்தார்.

“ஏம்மா, காலையில தின்னது நீ. சாயங்காலம் சொமக்கறது நானா?” என்றார்.

கூட்டம் கொல்லென்று சிரித்தது. அவர் கூடையில் இருந்த புடவை மூட்டையை ஒதுக்கிவிட்டு, “வைய்யி, நாலு வைய்யி. மீனு கூடை தூக்கற எனக்கு இதெல்லாம் ஒரு கனமா?” என்றார்.

அவ்வளவுதான். பாய் பின்பலகையைத் திறந்தார். வேட்டிக்காரர்கள், புடவைக்காரர்கள், கல்யாண வீட்டுப் பட்டுப்புடவைகள், எல்லோரும் கை நீட்டினார்கள். “எனக்குப் பெருசு குடு!” “அய்ய, அவருக்கு மட்டும் சிறுசா?” என்று சண்டை வேறு. மாப்பிள்ளையின் மாமா ஒருவர், ஜரிகை அங்கவஸ்திரத்தில் காயைக் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டார். கண்டக்டர் மட்டும், “ட்ரிப்பு கட்டாயிடும், ஜல்தி, ஜல்தி!” என்று அலறிக்கொண்டே, விசிலை வாயில் கவ்வியபடி கக்கத்துக்கு ஒன்றாக இரண்டு காயோடு ஓடினார்.

ஆய்வாளர் குடையோடு எழுந்து வந்தார். “நிறுத்து. காயும் ஆளும் பாலத்து மேலதானே போகுது? எடை எங்க கொறையுது?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். “லாரி இன்னும் பாலத்துல ஏறலையே சார். முதல்ல ஜனங்க, அப்புறம் காலி பஸ்சு, கடைசியில லாரி. ஒரு நேரத்துல பாலத்து மேல என்ன இருக்குங்கறதுதானே கணக்கு?”

அவர் யோசித்தார். நானும் அதற்குப் பிறகு முப்பத்தைந்து வருடம் எந்த விதியைப் பார்த்தாலும், இது எதைக் காப்பாற்ற எழுதியது என்று முதலில் கேட்டுக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். இந்த விதி பாலத்தைக் காப்பாற்ற எழுதியது, ஏழுமலையை அழ வைக்க எழுதியது இல்லை.

“சரி,” என்றார். “ஆனா சரக்கு அவருது, ஜனங்களத் தூக்கச் சொன்னது நீ. எறக்குற இருநூறும் அந்தக் கரையில ஏறும்னு அதே தாள்ல எழுதிக் கையெழுத்துப் போடு. ஒண்ணு கொறைஞ்சாலும் நீதான் பொறுப்பு.”

அதையும் எழுதினேன்.

கல்யாண வேனில் மேளக்காரர்கள் இருவர் வந்திருந்தார்கள். தவில்காரருக்குக் கையில் தவில், நாயனக்காரருக்குக் கையில் நாயனம். காய் தூக்க முடியவில்லை என்று அவர்களுக்கு வருத்தம். “நாங்க வாசிக்கிறோம்மா,” என்றார்கள். சத்தியமாகச் சொல்கிறேன், கெட்டிமேளத்தோடு அந்தத் தர்ப்பூசணிகள் பாலத்தைத் தாண்டின! நூற்றைம்பது பேர், பச்சை பச்சையாக, தலையிலும் இடுப்பிலும் தோளிலும். தாண்டி வைத்துவிட்டு, மேளம் நன்றாக இருக்கிறது என்று இன்னொரு காய் எடுக்கத் திரும்பி வந்தவர்கள்கூட உண்டு. நானும் ஒன்றை வயிற்றோடு அணைத்துக்கொண்டு ஓடினேன். பயம், வெட்கம், வேலை எல்லாம் எங்கோ போய்விட்டது. சிரித்துச் சிரித்து விலா வலித்தது.

லாரியை மறுபடி எடை போட்டார்கள். பதின்மூன்று டன் தொள்ளாயிரத்து எண்பது. காலி பஸ்களும் வேனும் போயின. பாய் வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே, ஆள் நடக்கிற வேகத்தில் லாரியைப் பாலத்தில் விட்டார். ஏழுமலை லாரிக்கு முன்னால் கும்பிட்ட கையோடு நடந்தார், பின்னால் ஆய்வாளர் குடையோடு வந்தார். பின்சக்கரம் அந்தக் கரையைத் தொட்டபோது ஆறு மணிக்குப் பத்து நிமிடம் இருந்தது. பஸ்களும் வேனும் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்ப, ஜன்னல்களிலிருந்து கைகள் ஆடின.

அடுத்து எண்ணி ஏற்றினோம். நூற்றுத் தொண்ணூற்றொன்பது.

மறுபடி எண்ணினோம். நூற்றுத் தொண்ணூற்றொன்பதுதான்.

“உடுங்கம்மா,” என்றார் ஏழுமலை. “ஒண்ணு பூட்டா பூட்டுப் போவுது. நீங்க தின்ன கணக்குல இதையும் சேத்துக்கறேன்.” அவர் சிரித்தார். ஆய்வாளர் சிரிக்கவில்லை. அந்தத் தாளை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி சட்டைப்பையில் வைத்தார். அவ்வளவு நேரம் குதித்துக்கொண்டிருந்த நான் லாரிக்கு அடியில் குனிந்து தேடினேன். ஒரே நாளில் நான் எழுதியது இரண்டு தடவை பொய்யாகிவிட்டதே என்று அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அப்போது தூரத்தில், கடைசியாகப் போன பஸ் நிற்பது தெரிந்தது. அதிலிருந்து ஒருவர் இறங்கி ரோட்டில் எங்களை நோக்கி ஓடி வந்தார். தலையில் கூடை. முத்தாலு.

“ஏ பொண்ணு!” என்று மூச்சிரைக்கக் கூடையை இறக்கினார். “நாலு வச்சியே, மூணுதான் எறக்கி வச்சேன். வெத்தலப் பை எடுக்கலாம்னு மூட்டையத் தூக்குறேன், தோ, அடியில குந்திக்கினு கெடக்குது ஒண்ணு!” புடவை மூட்டையை விலக்கிக் காட்டினார். அடியில் இருந்தது அந்தக் குடம் அளவுக் காய்களில் ஒன்று. “கருவாட்டு நாத்தம் அடிக்கும். கழுவிட்டு விக்கச் சொல்லு.”

நான் அவரைக் கட்டிக்கொண்டேன். என் மேலும் கருவாட்டு வாசனை. “அய்ய, உடு உடு, பஸ்சு பூடும்” என்று என்னைத் தள்ளிவிட்டு, கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடிப்போனார்.

ஆய்வாளர் குடையை மடக்கினார். அது மடங்கி நான் பார்த்தது அன்றுதான். அதை என் கையில் கொடுத்துவிட்டு, அந்தக் காயை இரண்டு கையாலும் தூக்கிப்போய், ஏழுமலையிடம் கொடுத்து லாரியில் ஏற்ற வைத்தார். பெரிய காய் என்பதால், பாய் மேலே இருந்த சின்னக் காய்களை விலக்கி அதை அடியில் தள்ளினார்.

அந்தத் தாளை ஆய்வாளர் கிழித்துப் போடவில்லை. போடுவார் என்று நானும் எதிர்பார்த்தேன், நீங்களும் எதிர்பார்த்திருப்பீர்கள். அவர் அப்படிப்பட்ட ஆள் இல்லை. அது மேலதிகாரிக்குப் போயிற்று, எனக்கு விளக்கம் கேட்டு மெமோ வந்தது, தகுதிகாண் பருவம் முடிகிற வரைக்கும் தூக்கம் வராமல் கிடந்தேன். முடிந்தது, நிரந்தரம் ஆனேன், ஏன் ஆனேன் என்று யாரும் சொல்லவில்லை. தர்ப்பூசணி லோடுக்கு மேலே ஒன்று, நடுவில் ஒன்று, அடியில் ஒன்று என்று மூன்று காய் எடை போட வேண்டும் என்று மட்டும் ஒரு சுற்றறிக்கை வந்தது. அந்தக் கோடையில் ஆபீசில் யாருக்கும் தாகமே எடுக்கவில்லை.

ஓய்வு பெறும் நாளில், பென்ஷன் கணக்குக்காக என் கோப்பைக் கொண்டுவந்து சரிபார்க்கச் சொன்னார்கள். புரட்டினேன். பழுப்பேறிப்போன அந்தத் தாள் இருந்தது. “தப்பு என்னுடையது” என்று கோணல் எழுத்தில் நான். அதன் கீழே, அந்த மனிதரின் பொடி எழுத்தில் இரண்டு வரி: “கேட்பதற்கு முன் தானே ஒப்புக்கொண்டார். இருநூறும் வந்து சேர்ந்தது.”

அன்று சாயங்காலம் மாலையும் கழுத்துமாக மேடையில் உட்கார்ந்து, அதை நினைத்து நான் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தேன். பிரிவு தாங்காமல் அழுகிறேன் என்று நினைத்து, இதோ இங்கே உட்கார்ந்திருக்கிற நீங்கள் எல்லோரும் ஓடி வந்து சமாதானம் செய்தீர்கள். சாப்பிட ஏதாவது வேண்டுமா மேடம் என்று பழத்தட்டை நீட்டினீர்கள். அதில் தர்ப்பூசணி வெட்டி வைத்திருந்தது. உப்பும் மிளகாய்த்தூளும் கேட்டேன், ஞாபகம் இருக்கிறதா?